பழைய ஃபோர்டு 8என் டிராக்டர்ல கார்பரேட்டர் ஒழுகுதா? ஃப்ளோட்டை குறை சொல்றதுக்கு முன்னாடி

அமெரிக்காவுல ஊருக்கு வெளிய ரெண்டு மூணு ஏக்கரோட வீடு வாங்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் கூடவே ஒரு பழைய ஃபோர்டு டிராக்டரையும் வாங்கிடுறாங்க, சில சமயம் வீட்டை வித்தவரே கொட்டகையில விட்டுட்டுப் போயிருப்பாரு. சிவப்பும் சாம்பலுமா இருந்தா அது பெரும்பாலும் 8என் தான், 1947ல இருந்து 1952 வரைக்கும் அஞ்சு லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளுனாங்க. அதனால இன்னைக்கும் அதுக்கு கிட்டத்தட்ட எல்லா ஸ்பேரும் புதுசா கிடைக்குது. நம்ம ஊர்ல டிராக்டர் ஓட்டிப் பழகினவங்களுக்கு இதுல ஒரு விஷயம் புதுசா இருக்கும். அங்க எல்லாமே டீசல், பம்ப்பும் இன்ஜெக்டரும் தான். இது பெட்ரோல் வண்டி, கார்பரேட்டர் இருக்கு, அதுக்குள்ள ஒரு பித்தளை மிதவை இருக்கு, அதைத்தான் ஃப்ளோட்னு சொல்றோம். வாங்கி ஒரு மாசத்துல "கார்பரேட்டர்ல இருந்து சொட்டுது, ஃப்ளோட் போயிருச்சு போல"ன்னு கேக்காத ஆளே இல்ல.

நான் முதல்லயே சொல்லிடுறேன், சொட்டுச்சுன்னா பத்துல பல தடவை ஃப்ளோட் காரணமா இருக்காது. ஊசி வால்வுல ஒரு துரு தூள் மாட்டியிருக்கும், அவ்வளவுதான். அதனால ஈசியான வேலையில ஆரம்பிச்சு கஷ்டமான வேலைக்குப் போங்க, எடுத்ததும் ஸ்க்ரூ டிரைவரை தூக்காதீங்க.

உள்ள என்ன நடக்குது

மொட்டை மாடி தண்ணி டேங்க்ல பால் வால்வு பாத்திருப்பீங்க, தண்ணி ஏற ஏற பந்து மேல வந்து குழாயை அடைக்கும். இதுவும் அதே தான். 8என்ல பெட்ரோல் பம்ப்பே கிடையாது, பானட்டுக்கு கீழ 10 கேலன் டேங்க், அதுல இருந்து பெட்ரோல் தானா கீழ இறங்கி கார்பரேட்டருக்கு வருது. உள்ள நுழையுற இடத்துல சீட்னு ஒரு ஓட்டை, அதை அடைக்க ஒரு ஊசி, ஊசியைத் தள்ள ஜோடியா ரெண்டு பித்தளை உருண்டை வச்ச ஃப்ளோட். பவுல்ல, அதாவது கார்பரேட்டரோட கீழ்க் கிண்ணத்துல, மட்டம் சரியா வந்ததும் ஃப்ளோட் ஊசியைத் தள்ளி மூடணும். மூடலைன்னா என்ன ஆகும், டேங்க்ல இருக்க மொத்த பெட்ரோலும் மெதுவா தரைக்கு வந்துரும், ராத்திரி முழுக்க ஒழுகி காலையில டேங்க் காலியா இருந்த வண்டியெல்லாம் இருக்கு. இதுல இன்னொரு விஷயம், இது அப்டிராஃப்ட் கார்பரேட்டர், அதாவது கார்பரேட்டர் கீழ, எஞ்சினுக்குள்ள காத்தைக் கொண்டு போற மேனிஃபோல்ட் மேல, காத்து கீழ இருந்து மேல போகும். அதனால நிரம்பி வழியுற பெட்ரோல் எஞ்சினுக்குள்ள போறது கம்மி, காத்து வர்ற வாய் வழியா கீழ சொட்டும். எஞ்சினுக்கு அது நல்லது. ஆனா இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே வார்ப்பா தலைக்கு மேல கொதிச்சுக்கிட்டு இருக்கும், அதுக்கு நேர் கீழ பெட்ரோல் சொட்டுதுன்னா விளையாட்டு இல்ல. ஒழுகுற வண்டியை "இந்த ஒரு தடவை புல்லு வெட்டிட்டு அப்புறம் பாத்துக்கலாம்"னு ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க.

எங்க இருந்து ஒழுகுதுன்னு மொதல்ல பாருங்க

எஞ்சின் ஆறின பிறகு கார்பரேட்டரை, அதுக்கு மேல இருக்க பைப்பை, டேங்க் அடியில இருக்க கண்ணாடி கிண்ணத்தை, எல்லாத்தையும் பனியன் வேஸ்ட் வச்சு நல்லா காயத் துடைங்க. அந்த கண்ணாடி கிண்ணம் தான் செடிமென்ட் பவுல், பெட்ரோல் மூடுற குழாயும் அதுலயே இருக்கு. இப்ப குழாயை ரெண்டு சுத்து திறங்க. ரெண்டு சுத்து தான், முழுசா திறந்தா ரிசர்வ் பெட்ரோலும் சேர்ந்து வரும், அப்புறம் நடு வயல்ல டேங்க் காலியாச்சுன்னா கையில ஒண்ணும் மிச்சம் இருக்காது. டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு இடமா ஒத்தி ஒத்திப் பாருங்க, மேல இருந்து கீழ வாங்க. கிண்ணத்தோட கேஸ்கட், குழாய் கைப்பிடிகிட்ட இருக்க பேக்கிங் நட்டு, கார்பரேட்டருக்குள்ள போற பித்தளை எல்போ, ரெண்டு பாதியும் சேர்ற கேஸ்கட், அடியில இருக்க, பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்குற மெயின் ஜெட் ஊசியோட பேக்கிங், இதுல எது நனைஞ்சாலும் ஃப்ளோட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. மேல எங்கயோ ஒழுகுறது பைப் வழியா ஓடி வந்து கார்பரேட்டர் அடியில சொட்டும், அதைப் பாத்துட்டு கார்பரேட்டரை கழட்டி வீணா ஒரு நாள் போயிரும்.

எல்லாம் காஞ்சு இருக்கு, காத்து வாய்க்கு கீழ இருக்க சின்ன ஓட்டையில மட்டும் சொட்டுதுன்னா, இப்ப தான் உள்ள வழியுதுன்னு அர்த்தம். இங்கயும் ஒரு விஷயம் இருக்கு. சோக்கை இழுத்து வச்சுக்கிட்டு நாலஞ்சு தடவை செல்ஃப் அடிச்சு ஸ்டார்ட் ஆகலைன்னா அந்த ஓட்டையில கொஞ்சம் சொட்டுறது சாதாரணம், உறிஞ்சின பெட்ரோல் எரியாம திரும்பி கீழ விழுது, ஓட்டை வச்சதே அதுக்குத்தான். எஞ்சின் ஆஃப்ல, யாரும் தொடாம, குழாய் மட்டும் திறந்து வச்சு கால் மணி நேரம் விட்டாலும் விடாம சொட்டிக்கிட்டே இருந்தா தான் பிரச்சினை.

கழட்டாம செய்யுற ரெண்டு வேலை

ஒண்ணு, குழாய் திறந்திருக்கும்போதே ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால ஊசி இருக்க இடத்துல, அதாவது எல்போ உள்ள நுழையுற இடத்துகிட்ட, லேசா ரெண்டு தட்டு தட்டுங்க. ஊசி கோணலா மாட்டியிருந்தா "டக்"னு உக்காந்துரும். சுத்தியல் எல்லாம் வேண்டாம்.

ரெண்டாவது வேலை இன்னும் உபயோகமானது. கார்பரேட்டர் பவுல் அடியில ஒரு டிரெயின் பிளக் இருக்கு, குழாயை மூடிட்டு அதைக் கழட்டி, கீழ ஒரு சுத்தமான டின்னை வச்சு, குழாயைத் திறந்து விடுங்க. பவுல்ல பெட்ரோல் தங்காததால ஃப்ளோட் கீழ தொங்கும், ஊசி முழுசா திறந்திருக்கும், வேகமா வர்ற பெட்ரோல் சீட்ல ஒட்டியிருக்க தூசியை அடிச்சுக்கிட்டு வந்துரும். அப்படியே மணி பாருங்க, ரெண்டு நிமிஷத்துல ஒரு பைண்ட், அதாவது கிட்டத்தட்ட அரை லிட்டர் வரணும். வரலைன்னா மேல எங்கயோ அடைப்பு. டின்ல விழுந்ததை வெளிச்சத்துல பாருங்க, அடியில செம்மண்ணு மாதிரி துரு படிஞ்சா ஊசி ஏன் மூடலைன்னு பதில் கிடைச்சாச்சு, தண்ணி குமிழ் குமிழா உருண்டா அதுவும் தெரியும். இங்க பங்க்ல கிடைக்குற பெட்ரோல்ல பெரும்பாலும் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கும், அது தண்ணியை இழுக்கும், பழைய டேங்க்ல ஒட்டியிருந்த அழுக்கையும் உருவி விடும். பிளக்கை மாட்டி மறுபடி கால் மணி நேரம் பாருங்க. நின்னுருச்சுன்னா இதோட முடிச்சுக்கலாம்.

கழட்டியே ஆகணும்னா

வண்டியை வெளிய நிறுத்துங்க. காராஜ்ல கேஸ் வாட்டர் ஹீட்டர் இருக்க வீடு நிறைய, அதோட பைலட் நெருப்பு எப்பவும் எரிஞ்சுக்கிட்டு இருக்கும், பெட்ரோல் ஆவி தரையோட தரையா தவழ்ந்து அதுகிட்ட போகும், அதனால காராஜ்குள்ள இந்த வேலையே வேண்டாம். அடுத்து பேட்டரி. "எப்பவும் நெகடிவை தான் மொதல்ல கழட்டணும்"னு எல்லாருக்கும் பழக்கம், ஆனா 8என் கம்பெனியில இருந்து வந்தப்போ 6 வோல்ட், பாசிட்டிவ் கிரவுண்ட். பாடியில மாட்டியிருக்கிறது பாசிட்டிவ் வயர். யாராவது 12 வோல்ட்டா மாத்தியிருந்தா பெரும்பாலும் நெகடிவ் கிரவுண்டா இருக்கும். குறியைப் பாக்காதீங்க, எந்த வயர் பாடிக்குப் போகுதுன்னு பாத்து அதை மொதல்ல எடுங்க.

குழாயை மூடி, பவுலை வடிச்சுட்டு, போன்ல நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க. பெட்ரோல் பைப் நட்டை கழட்டும்போது ரெண்டு ஸ்பேனர் வேணும், ஒண்ணு எல்போவை அசையாம பிடிக்க. ஒரே ஸ்பேனர்ல திருகுனா எல்போவும் சேர்ந்து திரும்பி மரை போயிரும், இல்ல பைப் முறுக்கிக்கும். அப்புறம் சோக் கம்பி, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னர்ல இருந்து வர்ற கம்பி, ஏர் கிளீனர் ஹோஸ் கிளாம்ப், கடைசியா மேனிஃபோல்டுல பிடிச்சிருக்க ரெண்டு போல்ட்டு. இந்த ரெண்டும் எழுபது வருஷமா சூட்டுல வெந்தது, முந்தின நாளே துரு எடுக்குற ஆயில் அடிச்சு ஊற விடுங்க. ஏர் கிளீனர் அடியில ஆயில் கப் இருக்கு, அதையும் எடுத்து மோந்து பாருங்க, பெட்ரோல் வாடை அடிச்சா கொட்டிட்டு புது ஆயில் ஊத்தணும். எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கையும் ஒரு தடவை இழுத்து மோந்துருங்க.

கார்பரேட்டர் மேல ஒரு சின்ன வட்டத் தகடு இருக்கும், மார்வெல் ஷெப்ளர்னு போட்டு டிஎஸ்எக்ஸ்-241ன்னு நம்பர், பின்னாடி ஏ, பி, சின்னு எழுத்து வரலாம். 8என்னுக்கு முன்னாடி வந்த 9என், 2என் வண்டிக்கு டிஎஸ்எக்ஸ்-33. கேஸ்கட், ஊசி, சீட் எல்லாம் சேர்ந்து வர்ற ரிப்பேர் கிட் வாங்கும்போது வண்டி பேரைச் சொல்லாம இந்த நம்பரைச் சொல்லி வாங்குங்க, ஏன்னா எழுபது வருஷத்துல எவனோ எதையோ மாத்தி மாட்டியிருப்பான்.

ஒரு வெள்ளைத் தட்டு மேல வச்சு நாலு ஸ்க்ரூவைக் கழட்டுங்க, ஸ்க்ரூ டிரைவர் முனை காடியில நிறைய உக்காரணும், சின்னதை வச்சு திருகுனா தலை சிதைஞ்சுரும். ரெண்டு பாதியும் ஒட்டிக்கிட்டு வரலைன்னா நடுவுல ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பாதீங்க, அந்த கீறல் வழியா அப்புறம் ஆயுசுக்கும் ஒழுகும். பிளாஸ்டிக் சுத்தியலால சுத்தி தட்டிட்டு நேரா மேல தூக்குங்க, சாய்ச்சு தூக்குனா ஃப்ளோட் இடிச்சு வளையும்.

மேல் பாதியில தான் ஃப்ளோட் தொங்குது. கீல் மாதிரி ஒரு பின், அதை உருவுனா ஃப்ளோட் கையில வரும், ஊசியும் கூடவே விழும், தட்டு அதுக்குத்தான். ஊசி முனையை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, சுத்தி ஒரு கோடு மோதிரம் மாதிரி பதிஞ்சிருந்தா அது தேஞ்சு போச்சு, சீட்டோட சேத்து மாத்தணும், ஒண்ணை மட்டும் மாத்துறது பிரயோஜனம் இல்ல. சீட்டை கழட்டும்போது அடியில இருக்க வாஷரை கவனிங்க, பழசு ஒட்டிக்கிட்டு இருக்கிறது தெரியாம அது மேலயே புதுசையும் போட்டு, ரெண்டு வாஷரால சீட் உயரம் மாறி, ஃப்ளோட் அளவு ஏன் வரமாட்டேங்குதுன்னு மண்டையை உடைச்சுக்குவாங்க.

ஃப்ளோட் உண்மையிலயே ஓட்டையா

காதுகிட்ட வச்சு ஆட்டுங்க. உள்ள "சளக் சளக்"னா பெட்ரோல் புகுந்திருக்கு, சந்தேகமே வேண்டாம். சத்தம் வரலைன்னாலும் விடாதீங்க, மயிரிழை அளவு ஓட்டைன்னா இப்ப தான் உள்ள ஏற ஆரம்பிச்சிருக்கும். ஒரு பாத்திரத்துல தண்ணியை நல்லா சூடு பண்ணி, அடுப்புல இருந்து தூரமா வெளிய கொண்டு வந்து, ஃப்ளோட்டை முழுசா அமுக்கிப் பிடிங்க. கொதிக்க வேண்டாம், கை வைக்க முடியாத சூடு போதும். உள்ள இருக்க காத்து விரிஞ்சு ஓட்டை வழியா ஊசி முனை அளவு குமிழா ஒரே இடத்துல இருந்து வரிசையா கிளம்பும். பித்தளையில ஒட்டியிருக்க காத்தும் மொதல்ல குமிழ் விடும், அதைத் துடைச்சு விட்டுட்டு பாருங்க, நிக்காம வர்றது தான் ஓட்டை. பெரும்பாலும் உருண்டையோட ரெண்டு பாதியும் சேர்ற நடு ஒட்டுல, இல்லைன்னா கம்பி ஒட்டுன இடத்துல வரும். ஸ்கெட்ச் பேனாவுல வட்டம் போட்டுக்கோங்க.

குமிழே வரலையா? ஃப்ளோட் நல்லா இருக்கு, அதைத் திரும்ப மாட்டுங்க.

ஓட்டைன்னா என் அபிப்பிராயம், புதுசு வாங்கிடுங்க. விலை ஒண்ணும் பெருசில்ல, வேலை நிச்சயம். ஆனா அவசரம்னாலோ, அரிய வண்டியோட கார்பரேட்டர்னாலோ ஈயத்தால பத்த வச்சு, அதாவது சால்டர் பண்ணி, சரி பண்ணலாம், பழைய ஆளுங்க எல்லாம் அப்படித்தான் பண்ணாங்க. பண்றதுன்னா இதை மட்டும் மனசுல வைங்க: உள்ள ஒரு சொட்டு பெட்ரோல் இருந்தாலும் சூடு காட்டக் கூடாது, வெடிச்சு முகத்துல அடிக்கும். குமிழ் வந்த ஓட்டையை மெல்லிசா கொஞ்சம் பெருசாக்கி, அதுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை 1 மில்லிமீட்டர் அளவுக்குப் போட்டு, உள்ள இருக்கதை வடிய விட்டு, சூடு தண்ணியில அலசி, ஒரு ரெண்டு நாள் வெயில்ல போடுங்க, வாடை சுத்தமா போகணும். அப்புறம் உப்புத்தாள் தேச்சு பித்தளை பளபளன்னு தெரியணும். சால்டரிங் அயர்ன் மட்டும் தான், நெருப்பு விடுற கேஸ் டார்ச் வேண்டாம், அதை வச்சா ஏற்கனவே இருக்க ஒட்டெல்லாம் உருகி ஃப்ளோட் ரெண்டா பிரியும்.

முதல்ல கசிஞ்ச ஓட்டையை அடைங்க, எதிர்ப்பக்க ஓட்டை திறந்தே இருக்கட்டும். ரெண்டையும் ஒரே மூச்சுல அடைக்கப் பாத்தா உள்ள சூடான காத்துக்கு வழி இல்லாம ஈயத்தை ஊதித் தள்ளி புதுசா ஒரு ஓட்டை போடும். நல்லா ஆறினதும் ரெண்டாவது ஓட்டையில அயர்னை வச்ச உடனே ஒரே தொடுல ஈயத்தை விட்டு எடுத்துடுங்க. ஈயம் கம்மியா இருக்கணும், இது ரொம்ப முக்கியம், ஏன்னா ஃப்ளோட் கனமாச்சுன்னா ஆழமா மிதக்கும், ஊசி லேட்டா மூடும், பத்த வச்சும் வழியுதேன்னு நிப்பீங்க. மறுபடி சூடு தண்ணி சோதனை, அதுல ஒரு குமிழ் கூட வரக் கூடாது. எம்-சீல், எபாக்சி எல்லாம் போட்டு அடைக்கிற யோசனை வரும், எத்தனால் பெட்ரோல்ல அது எத்தனை நாள் நிக்கும்னு நம்பிக்கை கிடையாது, நான் போட மாட்டேன்.

திரும்ப மாட்டுறது

கீழ் பாதியில படிஞ்சிருக்க மண்டியை வழிச்சு எடுத்துட்டு கார்பரேட்டர் கிளீனர் அடிச்சு ஒவ்வொரு துவாரத்துலயும் அது மறுபக்கம் வர்றதைப் பாருங்க. கண்ணாடி போட்டுக்கோங்க, எந்த ஓட்டை எங்க போய் முடியும்னு தெரியாது, நேரா கண்ணுல பீச்சும். எல்போ உள்ள ஒரு வலை இருக்கும், அதையும் கழுவுங்க. டேங்க்குள்ள ஒண்ணு, செடிமென்ட் பவுல் மேல ஒண்ணு, எல்போல ஒண்ணுன்னு இந்த வண்டிக்கு மொத்தம் மூணு வலை. இதுக்கு மேல கடையில விக்குற ஃபில்டரை பைப் நடுவுல மாட்டாதீங்க, அதுல பல ஃபில்டர் பம்ப் இருக்க வண்டிக்கு செஞ்சது, தானா இறங்குற பெட்ரோலுக்கு அது தடை. எல்போ மரையில டெஃப்லான் டேப்பும் வேண்டாம், பிசிறு பிஞ்சு ஊசியில போய் உக்காரும். பெட்ரோல் தாங்குற பேஸ்ட் கொஞ்சம் தடவுனா போதும்.

புது சீட், புது ஊசி, ஃப்ளோட், பின் எல்லாம் மாட்டி மேல் பாதியை தலைகீழா பிடிங்க, புது கேஸ்கட்டை அதுமேல வச்சுக்கோங்க. கேஸ்கட்டுக்கும் ஃப்ளோட்டுக்கும் நடுவுல கால் இஞ்ச் இருக்கணும். ஸ்கேல் வச்சு தடுமாற வேண்டாம், கால் இஞ்ச் டிரில் பிட்டோட வழவழப்பான பக்கத்தை நடுவுல விட்டுப் பாருங்க, அது உரசியும் உரசாம போகணும், ரெண்டு உருண்டையும் ஒரே உயரமா இருக்கணும். இடைவெளி குறைஞ்சா பவுல்ல மட்டம் ஏறி வழியும், கூடுனா மட்டம் இறங்கி லோடுல எஞ்சின் இழுக்காது. மாத்தணும்னா ஊசியைத் தொடுற சின்ன நாக்கை மூக்கு பிளேயரால வளைக்கணும், ஃப்ளோட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வளைங்க, ஊசி மேல அமுக்குனா முனையில இருக்க ரப்பர் நசுங்கும். இந்த அளவு 8என்னோட கார்பரேட்டருக்கு மட்டும் தான், ஃபார்மால், ஃபெர்குசன்னு வேற டிராக்டர் வச்சிருக்கவங்க அவங்கவங்க மேனுவலைப் பாக்கணும்.

அப்படியே தலைகீழா இருக்கும்போது சுத்தமான புது ரப்பர் டியூப்பை எல்போல மாட்டி வாயால ஊதுங்க, காத்து போகக் கூடாது. நிமித்திப் பிடிச்சு ஊதுனா தாராளமா போகணும். கம்ப்ரசர் வச்சு ஊதாதீங்க, அந்த அழுத்தம் இதுக்கு ஆகாது. மூடி, நாலு ஸ்க்ரூவையும் எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணி, கார்பரேட்டரை கையில வச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க, ஃப்ளோட் "டிக் டிக்"னு சுதந்திரமா ஆடுற சத்தம் கேக்கணும். கேக்கலைன்னா கேஸ்கட் ஓரம் ஃப்ளோட்ல உரசுது, மலிவு கிட்ல வர்ற கேஸ்கட் சிலது இப்படித்தான் வெட்டியிருக்கும், திறந்து பிளேடால ஓரத்தை சீவி விடுங்க.

வண்டியில மாட்டிட்டு பேட்டரியை இணைக்காமலே குழாயை ரெண்டு சுத்து திறந்து, அடியில பேப்பர் விரிச்சு கால் மணி நேரம் வேற வேலை பாருங்க. பேப்பர் காஞ்சிருந்தா பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் பண்ணலாம். மெயின் ஜெட்டை மெதுவா முட்டுற வரைக்கும் மூடி ஒன்றரை சுத்து திறங்க, ஐடில் ஸ்க்ரூ ஒரு சுத்து, சூடானதும் அதுல இருந்து காதால கேட்டு சரி பண்ணிக்கலாம். மெயின் ஜெட்டை வெளிய திருகுனா பெட்ரோல் கூடும், ஐடில் ஸ்க்ரூ காத்தைக் கட்டுப்படுத்துறது, அதை உள்ள திருகுனா தான் பெட்ரோல் கூடும், ரெண்டும் நேர் எதிர்.

வேலை முடிச்சு வண்டியை நிறுத்தும்போதெல்லாம் குழாயை மூடுற பழக்கம் வச்சுக்கோங்க, அப்ப ராத்திரி டேங்க் காலியாகுற கதையே இல்ல. மூடியும் கண்ணாடி கிண்ணத்தை கழட்டுனா சொட்டிக்கிட்டே இருந்துச்சுன்னா குழாயே தேஞ்சு போச்சு, அடுத்து டேங்க்ல பெட்ரோல் கம்மியா இருக்கும்போது அதை மொத்தமா வடிச்சுட்டு செடிமென்ட் பவுல் செட்டையே மாத்திடுங்க, அப்பவே டேங்க்குள்ள டார்ச் லைட் அடிச்சு துரு எவ்வளவு இருக்குன்னும் பாத்துக்கலாம்.